எட்டு போல்ட்டும் ஒரு மாப்பிள்ளையும்

"ஐயோ... மாமா!"

அலறல் தெருமுனை வரைக்கும் கேட்டது!

இன்ஸ்பெக்டர் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தபோது மணி பதினொன்றரை.

ஸ்டாண்டுகளின் மேல் தூக்கி நிறுத்தியிருந்த பழைய காருக்கு அடியில், மெக்கானிக் மல்லாந்து கிடந்தார். உயிர் இல்லை. நெஞ்சின் மேல் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்... எண்பது கிலோ இரும்பு!

பக்கத்தில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தான் மாப்பிள்ளை. அழுகையில் சத்தம் இருந்தது. கண்ணீர்தான் இல்லை.

"நான் வீட்டுல இருந்தேன் சார். இப்பதான் வந்தேன். மாமா கியர்பாக்ஸை இறக்கும்போது ஜாக் சரிஞ்சிருக்கு..."

'விபத்து' என்று இன்ஸ்பெக்டர் எழுத ஆரம்பித்தார்.

"பேனாவை மூடுங்க சார்!"

வாசலில் மகள். அப்பாவோடு பத்து வருஷமாக இங்கே ஸ்பேனர் பிடிப்பவள். காலையில் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போனவள், பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அப்பாவின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அப்புறம் டார்ச்சோடு காருக்கு அடியில் தலையை நுழைத்தாள்.

வெளியே வந்தபோது உதட்டில் ஓர் இளக்காரம்!

"இது எங்கப்பா இறக்கினது இல்ல சார். யாரோ தற்குறி பார்த்த வேலை."

"எப்படிம்மா சொல்ற?"

"கியர்பாக்ஸுக்கு முன்னால கன்வெர்ட்டர்னு உருண்டையா ஒண்ணு இருக்கும். அதை எஞ்சினோட பிடிச்சிருக்கிற போல்ட்டை முதல்ல கழட்டணும். அப்பதான் ரெண்டும் சேர்ந்து இறங்கும். இங்க பாருங்க... கன்வெர்ட்டர் எஞ்சின்லயே தொங்குது! வெளிப்பக்கத்து போல்ட்டை மட்டும் கழட்டி, நெம்பிப் பிடுங்கியிருக்கான் அரைவேக்காடு!"

மாப்பிள்ளை எழுந்தான்.

"மாமாவுக்கு வயசாயிடுச்சு... மறந்திருப்பாரு."

அவள் அவன் பக்கம்கூடத் திரும்பவில்லை.

"ஸ்பேனரைத் தலைகீழா பிடிக்கிற ஜென்மம் சார் அது. நாலு போல்ட்டு கழட்டறதுக்குள்ள நாக்கு தள்ளியிருக்கும். மிச்சத்துக்கு எவன் காலைப் பிடிச்சானோ..."

"நாலா?" என்று கத்தினான் மாப்பிள்ளை.

அவன் முகம் ஜிவுஜிவு என்று சிவந்தது.

"எட்டுடி! எட்டையும் நான் ஒருத்தனே..."

சட்டென்று வாயைப் பொத்தினான்.

ரொம்ப லேட்!

"மேல சொல்லுங்க மாப்பிள்ளை..." என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆமா சார்! ஆறு வருஷமா 'தண்டம்... தண்டம்'னே கூப்பிட்டாரு. காலையில, வந்தவன் போனவன் முன்னாடியும் கூப்பிட்டாரு. அவங்க போனதும் பின்மண்டையில ஒரே போடு! அடியில இழுத்துப் போட்டு, கியர்பாக்ஸை மேல தள்ளினேன்!"

விலங்கு மாட்டி இழுத்துப் போனார்கள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"பலே ஆளும்மா நீ! கோர்ட்டுல அந்தக் கன்வெர்ட்டரையே சாட்சியா நிறுத்திடறேன்."

"அது நிக்காது சார். பழைய வண்டியில போல்ட்டு துருப்பிடிச்சு வரலைன்னா, எங்கப்பாவே அப்படித்தான் இறக்குவாரு."

"என்னது! அப்ப எதை வெச்சும்மா சொந்தப் புருஷனையே சந்தேகப்பட்டே?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வந்ததுமே பார்த்தேன்... என் புருஷன் நகக்கண்ணுல கிரீஸ் சார்! அந்த ஆளு வேலை செஞ்சதுக்கு, கல்யாணமாகி ஆறு வருஷத்துல இன்னிக்குத்தான் தடயமே கிடைச்சிருக்கு!"