விழுந்த நேரம் போக மீதி

காலைப் பலகாரத்துக்கு முன் மூன்று முறையாவது விழுந்துவிட வேண்டும் என்று ஞானசௌந்தரியின் ஒப்பந்தம் சொன்னது. பதினொரு வருஷமாக விழுந்துகொண்டிருக்கிறாள். செவ்வாயின் பொதிகைக் குவிமாடத்துக்கு வெளியே, பாறையும் பொடிமண்ணுமாகக் கிடக்கும் சரிவில், 'காட்டெருமை' என்ற அறுநூறு கிலோ மோட்டார் சைக்கிளை இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை, குப்புற ஒரு முறை கவிழ்த்துவிட்டு, பிராணவாயு உடையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு இட்லி சாப்பிட உள்ளே வருவாள். சாப்பிட்டானதும் மறுபடியும் கிளம்பி, இருட்டும்வரை கரடுமுரடில் ஓட்டவேண்டும்.

செவ்வாயில் எடை மூன்றில் ஒரு பங்குதானே என்று பூமியிலிருந்து வருகிறவர்கள் லேசாகச் சொல்வார்கள். பிரேக் போடும்போது தெரியும் சங்கதி. எடைதான் குறைந்ததே தவிர வண்டியின் முரட்டுத்தனம் குறையவில்லை. நிறுத்தினாலும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அதைக் காலாலும் இடுப்பாலும் அடக்கி அடக்கியே அவள் இடுப்பு தேய்ந்துபோயிருந்தது.

ஒவ்வொரு வண்டிக்கும் வாங்குபவர் கேட்டபடி அடித்தகடு, கைக்காப்பு, பக்கப்பெட்டி எல்லாம் பூட்டி, ஒரு முழு நாள் அதை வெளியே ஓட்டிப் பார்த்த பிறகுதான் கம்பெனி ஒப்படைக்கும். பாதுகாப்புக்காக என்று நினைத்துவிட வேண்டாம். வாங்குகிற யாரும் குவிமாடத்தை விட்டு வெளியே போவதில்லை. உள்ளே சாலையெல்லாம் வழவழ. வெளியே போகச் சிலருக்கு நேரமில்லை, சிலரை வீட்டில் விடுவதில்லை. ஆனால் போய்வந்த மாதிரி இருக்கவேண்டும் அல்லவா? அதற்குத்தான் நினைவுவாங்கி. காதுக்குப் பின்னால் பதித்த பருப்பளவு கருவி. அது சோதனைக்காரரின் அந்த ஒரு நாளை அப்படியே உருவி எடுத்து, வண்டிச் சாவியோடு வாங்கியவர் தலையில் ஏற்றிவிடும். ஏறிய பிறகு அது அவர் தானே ஓட்டிய நாளாகவே தோன்றும். உருவிய தலையில் எதுவும் மிஞ்சாது. வலி மட்டும் உடம்பில் இருக்கும்.

ஞானசௌந்தரி இதையெல்லாம் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. விழுந்ததை நினைவில் வைத்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது? ஆனால் ஒருநாள் மூன்றாவது முகட்டில் மோட்டார் சூடாகி வண்டி நின்றுவிட்டது. ஆறட்டும் என்று பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தாள். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. செவ்வாயில் அந்தி நீலமாகத்தான் இருக்கும். சிவந்த மண்ணுக்கு மேலே அந்த நீலம் மெல்லப் பரவி வந்தது. காற்று இல்லை, ரேடியோவில் யாரும் அழைக்கவில்லை. இடுப்பு வலிக்கவில்லை என்பதே அவளுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. சந்தோஷத்தில் அழுதாள். தலைக்கவசத்துக்குள் கண்ணைத் துடைக்க முடியாமல் சிரிக்கவும் செய்தாள்.

திரும்பியதும் நேராகச் சோதனைப் பிரிவு மேலாளர் பெரியநாயகத்திடம் போனாள்.

"சார், விழுந்ததெல்லாம் எடுத்துக்குங்க. மூணாவது முகட்டுல வண்டி நின்ன அந்தச் சாயங்காலத்தை மட்டும் எனக்கு விட்டுடுங்க."

"நானாம்மா வேண்டாங்கறேன்? ஒரு நினைவு ஒரு தலையிலதான் இருக்கலாம், சட்டம். நடுவுல ஓட்டையா இருந்தா வாங்கினவர் கேஸ் போட்டுருவார்."

"ஒரு மணி நேரந்தானே சார். சும்மா உக்காந்திருந்தது. அது அவருக்கு எதுக்கு?"

"உனக்கு வேற ஒண்ணு வராமலா போயிடும்?"

ஏற்கெனவே அப்படி எத்தனை வந்து எத்தனை விற்றுப்போயிற்றோ, அவளுக்கு எப்படித் தெரியும்? பெரியநாயகம் கெட்டவர் இல்லை. கருவியை இயக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள், வண்டியை விட்டு இறங்கிய பிறகு கெஞ்சியது மட்டும் அவளுக்கு நினைவிருந்தது. ஏதோ ஒரு சாயங்காலம், மூன்றாவது முகடு என்றும் தெரிந்தது. அதில் என்ன இருந்தது என்பதுதான் தெரியவில்லை. சாப்பிடும்போதும் படுக்கும்போதும் அதையே துழாவிக்கொண்டிருந்தாள். வாங்கியவரைப் பார்த்தால் அவர் வாயாலாவது கேட்டுக்கொள்ளலாமே என்று இருந்தது.

அடுத்த வாரமே, ஏழாம் தெரு டீக்கடை வாசலில் அந்தக் காட்டெருமை நின்றது. வண்டி எண்ணைப் பார்த்ததும் கண்டுகொண்டாள். பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த, அதை வாங்கிய ரித்விக்குக்கு அறுபது வயதிருக்கும். அந்த வயதுக்காரர்களுக்கே உரிய பழைய காலத்துப் பெயர். வீடு இரண்டு தெரு தள்ளி.

"நல்ல வண்டிங்க சார்" என்றாள்.

அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டார். "இதை அடக்கறது லேசில்லைம்மா! இடது பக்கம் சாஞ்சப்ப நான் பதறவே இல்லையே. தூக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு. முதுகை சீட்டுல குடுத்து, காலால தூக்கணும். பொம்பளைங்களுக்குக் கொஞ்சம் கஷ்டந்தான்."

"ஆமாங்க சார்." பொறுமையாகத் தலையாட்டினாள். "மூணாவது முகட்டுல வண்டி நின்னுச்சே, அந்தச் சாயங்காலம்... அது எப்படி சார் இருந்துச்சு?"

ரித்விக் யோசித்தார். "ஓ, அதுவா? வண்டி சூடாயிடுச்சு, சும்மா உக்காந்திருந்தேன்னு நினைக்கிறேன். ஒண்ணுமே நடக்கலைம்மா, ஒரே போர். வேண்டாததை அழிச்சுக்கலாமே, அதை அழிச்சிட்டேன்."

"முழுசாப் பாத்துட்டா சார் அழிச்சீங்க?"

"முழுசா யாரும்மா பாக்கறா? விழற இடம் மட்டும் வெச்சிருக்கேன், ஃப்ரெண்ட்ஸ் கேட்டா சொல்ல. கம்பெனிக்கும் எழுதிட்டேன். அடுத்த வண்டிக்கு உக்கார்ற இடமெல்லாம் வேண்டாம், அதுக்குப் பதிலா இன்னும் ரெண்டு தடவை விழ வெச்சுக் குடுங்கன்னு."

ரித்விக் டம்ளரை வைத்துவிட்டு வண்டிமேல் ஏறி, தூரத்தில் எதையோ பார்ப்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு போட்டோ எடும்மா. டீக்கடை படத்துல விழாம பாத்துக்கோ." பிறகு அவள் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டவர்போலச் சொன்னார்: "நீயும் ஒருநாள் வெளியே போய்ப் பாரும்மா. வாழ்க்கையே மாறிடும்."

"சரிங்க சார்" என்று அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வண்டி முழுவதும் தெரியும்படி எடுத்துக் கொடுத்தாள்.