கால் நனைக்கலாமா

கயிற்றின் பாரத்தைக் காட்டும் விஞ்ச் மீட்டரின் முள் தவறான இடத்தில் நின்றது.

அவள் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தாள். ஈரம் புகுந்தால் முள் சில சமயம் ஒட்டிக்கொள்ளும்; தட்டினால் ஒருமுறை நடுங்கிவிட்டுத் தன் இடத்துக்கு வந்துவிடும். இப்போதும் நடுங்கியது. பிறகு அதே இடத்துக்கே போய் நின்றது. படகின் பின்புறத்திலிருந்து கிளம்பிய கயிறு சாய்வாக மேலேறி, கடல்மீது தாழ்ந்து கிடந்த சாம்பல்நிற மூட்டத்துக்குள் நுழைந்து மறைந்திருந்தது. அதன் மறுமுனையில், கண்ணுக்குத் தெரியாத பாராசூட்டின் அடியில், அவளுடைய தம்பி தொங்கிக்கொண்டிருந்தான். எல்லோரும் அவனை ஈர்க்குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். காற்றடித்தால் அவன் சட்டை மட்டும்தான் நடந்துபோவது போலிருக்கும் என்று படகோட்டும் மாமா கேலி செய்வார். அவன் எடைக்கு முள் எங்கே நிற்கும் என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும்.

முள் இரண்டு பேரைக் காட்டியது.

கரையில் விடுதிகளின் வரிசை மங்கலாகத் தெரிந்தது. மழைக்காலம் தொடங்கும் நேரம். கண்ணாடித்தளப் படகைக் கரையேற்றித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். காற்றடித்த ரப்பர் படகுகள் மணலில் கவிழ்ந்து கிடந்தன. பவளப்பாறை பார்க்கப் போகும் முக்குளிப்புக்காரர்கள் தண்ணீர் கலங்கிவிட்டது என்று கடையைச் சாத்திவிட்டார்கள். வந்த பயணிகள் வேறு போக்கில்லாமல், தூறலையும் பொருட்படுத்தாமல், பாராசூட் சவாரிக்காகப் படகுத்துறை மணலில் வரிசை கட்டி நின்றார்கள்.

தினமும் பயணிகளை ஏற்றுவதற்குமுன் படகில் வேலை செய்பவர்களில் ஒருவர் மேலே போய்க் காற்றைப் பார்த்துவிட்டு வரவேண்டும். அது மாமா வைத்த வழக்கம். இருக்கைகள் இரண்டு, ஒரே கம்பியின் இரு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் ஆள் உட்கார்ந்தால் கம்பி சாயும் என்பதால் மறுபக்கத்தில் ஒரு மணல்மூட்டையைக் கட்டிவைப்பார்கள். அதற்கு மிதவைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, மச்சான் என்று பெயரும் வைத்திருந்தான் ஈர்க்குச்சி. "மச்சான், பயமா இருந்தா என் கையப் பிடிச்சுக்க" என்று சொல்லிக்கொண்டே அவன் மேலேறுவதைப் பார்த்து வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

அன்று காலை மூட்டை கிழிந்துவிட்டது.

"காலி சீட்டோட மேல போகக் கூடாதுடா" என்றார் மாமா.

"ஒரே ஒரு தடவதான மாமா. அங்க பாருங்க, எல்லாரும் நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க. இன்னும் லேட்டானா டிக்கெட்டக்காவ அடிச்சே போட்ருவாங்க."

மாமா முணுமுணுத்தபடி சுக்கானைப் பிடித்தார். காலி இருக்கையின் வார்கள் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இழுத்து மாட்டிவிட்டவள் அவள்தான். நகரத்தில் செல்போன் கடையில் இருந்தவனை இந்தப் படகுக்கு அழைத்து வந்ததும் அவள்தான். "நான் பாத்துக்கறேம்மா" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது. டிக்கெட்டக்கா. கரையில் டிக்கெட் கொடுப்பவள்; பின்னால் கூட்டத்தின் இரைச்சல்.

"ஏண்டி, சோதனைக்கு ஒருத்தன்தான போவான்? இன்னிக்கு யார கூட அனுப்பின?"

"யாரையும் அனுப்பலக்கா."

"மூட்டம் கொஞ்சம் விலகுச்சு, இப்பதான் பாத்தேன். ரெண்டு பேரும் ஜோரா கால ஆட்டிக்கிட்டுப் போறாங்க. கேட்டா யாரையும் அனுப்பலங்கிற. சரி சரி, சீக்கிரம் வாங்க."

அவள் மேலே பார்த்தாள். மூட்டம் மறுபடி மூடியிருந்தது. எஞ்சினின் உறுமலும், படகின் வயிற்றில் அலை மோதும் சத்தமும், டீசல் நெடியும் எப்போதும் போலத்தான் இருந்தன. அவற்றுக்கு மேலே கயிறு முனகிக்கொண்டிருந்தது. பாரம் ஏறினால் அது முனகும். கொழுத்த தம்பதிகள் ஏறும்போது கேட்டிருக்கிறாள்.

பொத்தானை அழுத்தினாள். "டேய், மேல எல்லாம் சரியா இருக்கா?"

காற்றின் இரைச்சல் மட்டும். பிறகு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுவது போல, மிகச் சிறிய குரல்.

"அக்கா. சத்தமா பேசாத."

அவன் விளையாட்டுக்காரன்தான். பேய்க்கதை சொல்லி அவளை அழவைத்திருக்கிறான். ஆனால் விளையாடும்போது அவனால் சிரிப்பை அடக்கவே முடியாது. கடைசி வார்த்தையில் எப்படியும் வெடித்துவிடும்.

அவன் சிரிக்கவில்லை.

"மாமா, இழுக்கப் போறேன்" என்று கத்திவிட்டு விஞ்ச்சின் பிடியைத் தள்ளினாள். உருளை சுழன்றது. கயிறு வரத் தொடங்கியது. வழக்கப்படி இடதுகையை அதன்மேல் லேசாக வைத்தாள்; முறுக்கு இருந்தால் கைக்குத்தான் முதலில் தெரியும். தூறல் அவள் தலையிலும் தோளிலும் விழுந்துகொண்டிருந்தது. படகின் தளம் நனைந்திருந்தது, உருளை நனைந்திருந்தது. மூட்டத்துக்குள்ளிருந்து வந்த கயிறு மட்டும் காய்ந்திருந்தது. காய்ந்து, வெதுவெதுப்பாக. யாரோ வெகுநேரம் இறுகப் பற்றியிருந்துவிட்டு இப்போதுதான் விட்டது போல.

கையை எடுத்துக்கொண்டாள்.

"இழுக்காதக்கா." மறுபடி அந்தச் சின்னக் குரல். "கீழ வரணும்னுதான் அது உக்காந்திருக்கு."

"எது?"

மூச்சுச் சத்தம். ஒருவனுடையதுதான். எவ்வளவு உற்றுக் கேட்டும் ஒருவனுடையதுதான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்கு மூச்சு இல்லை.

உருளையை நிறுத்தினாள். கயிறு முனகியது. படகை நிறுத்தினால் பாராசூட் சுருங்கி அவன் அவ்வளவு உயரத்திலிருந்து விழுவான். இழுத்தால், அவனோடு அதுவும் படகின் தளத்தில், அவள் காலடியில் வந்து இறங்கும். எவ்வளவு நேரம் இப்படியே சுற்றுவது? மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"என்ன பாப்பா, ஏன் நிறுத்தின?" என்றார் மாமா.

அவர் காதருகே போய்ச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. மீட்டரைப் பார்த்தார்.

"முக்கி எடுத்துரலாமா?" என்றார்.

அவளும் அதைத்தான் நினைத்திருந்தாள். ஒவ்வொரு சவாரியின் முடிவிலும் செய்வதுதான். படகின் வேகத்தைக் குறைத்தால் பாராசூட் மெல்லத் தாழும். பயணிகளின் பாதங்கள் கடலைத் தொடும். அவர்கள் கூச்சலிட்டதும் வேகத்தைக் கூட்டி மறுபடி தூக்கிவிடுவார்கள். பாதம் தண்ணீரைத் தொடும் அந்த நொடியில் அவன் கொக்கியைக் கழற்றி விழுந்துவிட்டால் போதும். ஆனால் வாக்கிடாக்கியில் அதைச் சொன்னால் பக்கத்தில் இருப்பதற்கும் கேட்கும்.

தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். பயணிகளிடம் தினமும் கேட்கும் அதே உற்சாகக் குரலை எப்படியோ வரவழைத்தாள்.

"சவாரி எப்படி இருந்துச்சு? கால் நனைக்கலாமா?"



"நனைக்கலாம்" என்றான் தம்பி. குரல் உடைந்திருந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது.

கொஞ்சம் கயிற்றை இழுத்தாள். மாமா வேகத்தைக் குறைத்தார். எஞ்சின் தணிந்ததும் கடலின் சத்தம் பெரிதாயிற்று. மூட்டத்தின் அடிப்பகுதி புகைபோல் கலைந்தது.

முதலில் பாதங்கள் தெரிந்தன.

இரண்டு அவனுடையவை, ரப்பர் செருப்பின் வார்த்தழும்புகூட அவளுக்குத் தெரியும். பக்கத்தில் இரண்டு. வெறும் பாதங்கள். பெரியவை. உள்ளங்கால்கள் அவளை நோக்கித் தாழ்ந்து வந்தன. பிறந்த குழந்தையின் உள்ளங்கால் போல மழமழவென்று, ஒரு வெடிப்பில்லாமல், ஒரு கோடுகூட இல்லாமல். ஒருநாளும் எதன்மீதும் ஊன்றாத பாதங்கள்.

அதற்கு மேல் அவள் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று உடம்பே சொன்னது.

தம்பியின் கால் தண்ணீரைக் கீறியது. மற்ற இரண்டும் தொடவில்லை. தண்ணீர் நெருங்க நெருங்க அவை நிதானமாக மடங்கி மேலேறிக்கொண்டன. புடவை நனையாமல் வாய்க்காலைத் தாண்டும் பெண்ணைப் போல, அவ்வளவு கவனமாக.

கொக்கி விடுபடும் சத்தம்.

தெறிப்பு.

"மாமா, போங்க!"

எஞ்சின் அலறியது. கயிறு விறைத்தது. பாராசூட் மேலேறியது. விஞ்ச்சின் பக்கத்தில் செருகியிருந்த கத்தியை உருவிக் கயிற்றை அறுத்தாள். வெதுவெதுப்பான இழைகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. கடைசி இழை அறுந்ததும் படகு முன்னால் துள்ளியது. முள் சரிந்து பூஜ்யத்தில் விழுந்தது.

திரும்பிப் போய் அவனைத் தூக்கினார்கள். நடுங்கினான். உதடு நீலம். அவள் அவன் முகத்தைத் தடவினாள், காதைப் பிடித்தாள், ஈரத் தலையை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அவன்தான். அவனேதான். எலும்பெல்லாம் அவன் எலும்பு.

"ஒண்ணும் இல்லடா. முடிஞ்சுது. வந்துட்டல்ல."

"அது என்னப் பாக்கவே இல்லக்கா" என்றான். பற்கள் அடித்துக்கொண்டன. "ஒரு தடவகூடப் பாக்கல. கீழ கரையத்தான் பாத்துச்சு. வரிசைல நிக்கிறவங்கள. ஒவ்வொருத்தரா பாத்துப் பாத்துத் தலையாட்டிச்சு."

மாமா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுந்த பாராசூட் சுருங்கிக் கடலில் விழுந்திருக்க வேண்டும். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றுக்கு எதிராக, துணி நன்றாக உப்பி, கயிறு இல்லாமல், படகு இல்லாமல், அது கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவசரமில்லாமல். நேராக.

மாமா படகைத் திருப்பி முடுக்கினார். அவள் வாக்கிடாக்கியை வாயோடு வைத்துக்கொண்டாள்.

"அக்கா! எல்லாரையும் அங்கிருந்து ஓடச் சொல்லுக்கா! அக்கா!"

"அடியே, என்னமா எறங்குது பாரு!" டிக்கெட்டக்காவின் குரலில் அவ்வளவு மகிழ்ச்சி. "இரு, வீடியோ எடுக்கணும்." வாக்கிடாக்கியை மேசைமேல் வைக்கும் சத்தம். அப்புறம் இவள் எவ்வளவு கத்தியும் யாரும் எடுக்கவில்லை. கைதட்டல் மட்டும் கேட்டது. விசில். ஒரு குழந்தையின் சிரிப்பு.

படகு அலைமேல் அலையாக விழுந்து ஓடியது. போதவில்லை. கரை பெரிதானது. முகங்கள் தெரியத் தொடங்கின. எல்லாக் கைகளிலும் செல்போன்கள், மேலே நீட்டியபடி. கூட்டம் தானாக விலகி நடுவில் இடம் விட்டது. பாராசூட் தாழ்ந்தது. இருக்கைகள் மணலுக்கு ஒரு சாண் உயரத்தில் நின்றன. துணி மடங்கவில்லை. எதிர்க்காற்றிலும் உப்பி நின்றது.

அது எழுந்திருக்கவில்லை. பாதங்களை மணலில் வைக்கவும் இல்லை. பக்கத்து இருக்கையை மெல்ல இரண்டு முறை தட்டிக் காட்டியது.

தம்பி அவள் கையைப் பிடித்தான்.

வரிசையில் முதலில் நின்றவர் சிரித்தபடி குடையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, குனிந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.