செத்த பிரஸ்ஸின் பதில்

பட்டறைச் சுவரில் சேட்டுவின் படத்தில் தொங்கியது சந்தன மாலையா, பிளாஸ்டிக் மாலையா என்று விக்கிக்கு இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. படத்துக்குக் கீழே சிவப்பு பல்பு அணைந்திருந்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

விஷயத்தைக் கொண்டுவந்தவர் அக்பர் பாஷா. மெஷினுக்கும் அதை நடத்தும் கணினிக்கும் நடுவே தகவலைக் கொண்டுபோகும் பெட்டிகளைச் செய்து விற்பவர். அடையாற்றில் துப்பறியும் ஜுவேரியாவின் அலுவலகத்தில், நீட்டிய தேநீரைத் தொடாமலே பேசினார்.

"ஈக்காட்டுத்தாங்கல் தணிகாசலம் பட்டறையில தகடு அழுத்துற பிரஸ் மெஷின் திடீர் திடீர்னு நிக்குதும்மா. எம் பெட்டிதான் கோளாறுன்னு ஊரெல்லாம் சொல்றாரு. நான் போய்ப் பாத்தா நல்லா ஓடுது. இப்படியே போனா கடைய மூட வேண்டியதுதான்."

ஜுவேரியா எழுந்தாள். உதவியாளன் விக்கி அதற்கு முன்பே ஹெல்மெட்டோடு வாசலில் நின்றான்.

பாஷாவும் கூடவே வந்தார். பட்டறையில் தணிகாசலம் இடுப்புச் சாவிக்கொத்தைக் குலுக்கினார். "பட்டறை ஆரம்பிச்சதுலேந்து மெஷின் பெட்டியெல்லாம் இருக்கற பேனல் சாவி எங்கிட்டதான். வேற எவன் கையும் உள்ள போனதில்ல. அப்ப தப்பு பாய் பெட்டியிலதானே?"

ஜுவேரியா சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள்.

"அது சேட்டு, இங்க பிரஸ் ஓட்டினவன். பழைய பிரஸ் அங்கதான் நின்னுச்சு. குடிச்சிட்டு வந்து கைய விட்டான், போய்ட்டான். காப்புக் கதவத் தொறந்தாலே நிக்கிற மெஷினு! இருந்தாலும் பாவம்னு அவன் பொண்ணுக்கு வேலை குடுத்திருக்கேன்."

புதிய பிரஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்த அந்த மகள் ஷீலா தலை நிமிரவில்லை.

"இந்த பல்பு எப்ப எரியும்?" என்று கேட்டாள் ஜுவேரியா.

"ஷீலா போடுவா. அதையெல்லாம் யாரு பாக்கறது?"

"நான் வர்றப்பல்லாம் அணைஞ்சுதான் கெடக்கும்," என்றார் பாஷா.

ஜுவேரியா சுவிட்சைப் போட்டாள். சிவப்பு பல்பு எரிந்தது. பிரஸ் நின்றது.

விக்கி பாய்ந்து படத்தைக் கழற்றினான். சுவருக்குள் எண்ணெய்ப் புழுதி அப்பிய பழைய பெட்டி ஒன்று இருந்தது. பல்பின் கம்பியிலிருந்து அதற்கு மின்சாரம் எடுத்து, கணினிக்குப் போகும் பழைய கேபிளோடு சேர்த்திருந்தார்கள்.

"கணினி நம்பர் சொல்லித்தான் கூப்பிடும்," என்றாள் ஜுவேரியா. "பழைய பிரஸ் மூணாம் நம்பர், இது அதோட பெட்டி. புதுசுக்கும் அதையே குடுத்துட்டாங்க. ரெண்டு பெட்டியும் ஒண்ணா பதில் சொன்னா கணினி குழம்பிடும். குழம்பினா மெஷினை நிறுத்திடும்."

"அப்ப செத்த மெஷின் பதில் பேசிக்கினு கீதுன்றியா, அக்கா?" என்றான் விக்கி.

"நான்தான் பேச வெச்சேன்," என்றாள் ஷீலா. "ஐ.டி.ஐ. படிச்சவ நான். எங்கப்பா குடிச்சதே இல்ல. இந்தாளு ஒவ்வொரு ஆர்டரா இழந்து நடுத்தெருவுக்கு வரணும்."

"எம் பொழப்பு இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றார் பாஷா. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜுவேரியா பெட்டியைத் திருப்பினாள். "கதவு சென்சாரோட ரெண்டு முனையையும் கம்பியால கட்டியிருக்கு. கதவு தொறந்தாலும் மூடியிருக்குன்னுதான் சொல்லும். வேலை வேகமா நடக்கும், கை உள்ள போனாலும் மெஷின் நிக்காது."

"அவளே கட்டியிருப்பா! காயலான் கடைக்குப் போட்டதை எடுத்தாந்து..." என்றார் தணிகாசலம்.

"நானே கட்டுனேன்னு சொல்லுவீங்கன்னு தெரியும். அதான் வெளிய சொல்லல," என்றாள் ஷீலா.

"கம்பி மேலயும் பெட்டி மேலயும் ஒரே படலமா எண்ணெய்ப் புழுதி உறைஞ்சிருக்கு. கம்பிக்கு அடியில சுத்தமா இருக்கு. பழைய பிரஸ் ஓடின காலத்துலயே கட்டினது." ஜுவேரியா நிமிர்ந்தாள். "அப்ப இந்தப் பெட்டி இருந்த பேனல் சாவி யாருகிட்ட இருந்துச்சு சார்?"

சாவிக்கொத்தின் சத்தம் நின்றுபோனது.

சேட்டுவின் சாவுக்காகத் தணிகாசலம் மேல் வழக்கு நடக்கிறது. பட்டறை பூட்டிக் கிடக்கிறது. பாஷாவின் பெட்டிகள் முன்போலவே விற்கின்றன. அவர் ஷீலாவை மன்னிக்கவில்லை. ஆனால் கோர்ட்டில் அவள் பக்கம் சாட்சி சொன்னார். ஷீலா வேறு பட்டறையில் பிரஸ் ஓட்டுகிறாள். சேட்டுவின் படம் இப்போது அவள் வீட்டில் இருக்கிறது.