மண்ணெண்ணெய்ச் செலவு

தண்டவாளம் பளபளத்தது. காரை விட்டு இறங்கியதும் ஜெயரட்ணத்தின் கண்ணில் பட்டது அதுதான். அது அவருக்குப் பிடிக்கவில்லை. ரயில் ஓடாத தண்டவாளம் இரண்டு மழையில் துருவேறிப் பழுப்பாகிவிடும். இலங்கையின் வடக்கே ஒரு சின்ன ஸ்டேஷனில் பதினைந்து வருடம் மாஸ்டராக இருந்தவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தப் பாதையிலோ இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ஒரு சக்கரமும் உருளவில்லை என்று ஆபீசில் எல்லோரும் சொன்னார்கள்.

சிட்னிக்கு மேற்கே இருந்த ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து குண்டுகளைக் கொண்டுவர யுத்த காலத்தில் அவசரமாகப் போட்ட குட்டி ரயில் பாதை அது. முப்பது வருடமாக அரசாங்கம் அதை ஓட்டவும் இல்லை, கைவிடவும் இல்லை. புல் வெட்ட, சிலிப்பர்கட்டை மாற்ற, வேலி கட்ட என்று பணம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். இது படுத்தபடியே தின்றது.

அந்தச் செலவைப் பார்க்கிற தற்காலிகக் கிளார்க்காகத்தான் ஜெயரட்ணத்தைப் போட்டிருந்தார்கள். குறைத்துக் காட்டினால் வேலையை நிரந்தரமாக்குவதாக மேலதிகாரி சொல்லியிருந்தார். நிரந்தரமானால்தான் யாழ்ப்பாணத்திலிருந்து மனைவி இரஞ்சிதத்தைக் கூப்பிட முடியும். அவள் வந்தால் இருக்க வென்ட்வேர்த்வில்லில் ஒரு சின்ன வீடும் எடுத்து, ஒரு கட்டிலும் வாங்கிப் போட்டிருந்தார். தனியாகச் சமைத்துத் தனியாகத் தின்று தனியாகக் கோப்பை கழுவி மனிதர் களைத்துப் போயிருந்தார்.

எங்கே தேடியும் குறைக்க அதிகம் அகப்படவில்லை. கடைசியில் கண்ணில் பட்டது பாதையின் கோடியில் இருந்த ஒரு பலகை அறை. அங்கே மாலையில் ஒரு சிவப்பு விளக்கை ஏற்றிவைக்க ஒரு கிழவருக்குச் சம்பளம், விளக்குக்கு மண்ணெண்ணெய். ரயிலே இல்லாத பாதையில் யாரை நிறுத்த இந்த விளக்கு? இரண்டையும் வெட்டினார்.

கெவின் என்ற அந்தக் கிழவர் ஆபீசுக்கே வந்துவிட்டார். சண்டை போட வரவில்லை. யுத்த காலத்தில் ஒரு மாலை அந்த விளக்கை ஏற்ற மறந்துபோனதாகவும், நிறுத்தியிருக்க வேண்டிய குண்டு ரயில் நிற்காமல் வந்து வெடித்து ட்ரைவரும் ஃபயர்மனும் கரிக்கட்டையானதாகவும், அதன்பிறகு ஒரு மாலையும் தவறவிடவில்லை என்றும் சொன்னார். சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஜெயரட்ணத்துக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் வெட்டியது வெட்டியதுதான்.

இன்று அறையைப் பூட்டிவிட்டு விளக்கை எடுத்துப்போக வேண்டும். திங்கட்கிழமை நிரந்தர வேலைக்குக் கையெழுத்து. கார் வைத்திருந்த சிநேகிதர் வரதராஜா கூட்டிவந்தார்.

"கெதியா வாங்கோ அண்ணை. இருட்ட முதல் வெளிக்கிடுவம்."

"ஓம், பூட்டுப் போடுற வேலைதானே. இந்தா வாறன்."

ஜூன் மாதம், அந்த ஊரில் குளிர்காலம், ஐந்து மணிக்கே வெளிச்சம் வடிந்துவிட்டது. இரண்டு பக்கமும் மண் சுவராக எழுந்த பள்ளத்துக்குள் அவர் கட்டை கட்டையாகக் கால் வைத்து நடக்க, நனைந்த யூகலிப்டஸ் இலைகளின் வாசனை முதலில் வந்தது, பிறகு சுடு எண்ணெய், பிறகு நன்றாகத் தெரிந்த நிலக்கரிப் புகை. பாதையோரம் ஓடிய பழைய சிக்னல் கம்பி, யாரோ தொலைவில் நெம்புகோலை இழுத்ததுபோல ஒருமுறை துடித்து அடங்கியது. காற்று என்று சொல்லிக்கொண்டார். காற்று இல்லை என்பதும் தெரிந்தது.

அறைக்குள் விளக்கு கொக்கியில் தொங்கியது. பக்கத்தில் இன்னொரு கொக்கி, வெறுமையாக. அதில் என்ன மாட்டியிருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒற்றைப் பாதையில் ரயில் போக டேப்லட் என்கிற அனுமதி வில்லை வேண்டும். அதைத் தோல் பையில் போட்டு, பெரிய வளையத்தில் கட்டி, ஓடுகிற ரயிலிலிருந்து நீட்டுவார்கள். மாஸ்டர் கையை நீட்டித் தோளில் வாங்குவார். வாங்கினால் ரயிலை ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். ட்ரைவருக்கு ஒன்றைக் கொடுத்தால், பாதை திறந்திருக்கிறது, மேற்கொண்டு வரலாம் என்று அர்த்தம்.

தண்டவாளம் முனகியது.

வெளியே வந்து குனிந்து தொட்டார். சூடு. உள்ளங்கைக்குள் அதிர்வு ஏறியது. ஓட வேண்டும் என்றது மனம். விளக்கு, விளக்கு என்றது தொழில். உள்ளே ஓடி நெருப்புக்குச்சியைக் கிழித்தார். திரி கருகியது, பற்றவில்லை. மண்ணெண்ணெய் டின்னை எடுத்து ஆட்டினார். காலி. அவரே வெட்டிய செலவு.

வந்தது. விளக்கில்லாமல் வந்தது. சத்தமும் வெக்கையும்தான். சுவர்ப் பலகைகள் நடுங்கின. அவர் வாசலில் நின்றார்.

கை நீண்டது.

அவர் நீட்டவில்லை. பதினைந்து வருடப் பழக்கம் நீட்டியது.

வளையம் முழங்கையில் அடித்துத் தோளுக்கு ஏறியது. கொதிக்கும் வளையம். கருகிய மயிர் நாற்றம். பிறகு பிரேக். பிறகு, இருட்டில், மூச்சுவிட்டபடி காத்திருக்கும் ஏதோ ஒன்று.

எப்படி ஓடினார் என்று தெரியாது. காரில் விழுந்து, போங்கோ, போங்கோ என்றார். தோளில் எதுவும் தெரியவில்லை. பாரம் மட்டும் இருந்தது.

வரதராஜா என்ன ஏது என்று கேட்டுக் களைத்து, வண்டியை விட்டார். மரங்கள் போயின. வேலிகள் போயின. கொஞ்ச தூரத்தில் வரதராஜா சொன்னார்:

"அண்ணை, கையை உள்ளுக்கு எடுங்கோ. குளிர் அடிக்குது."

அவர் கை ஜன்னலுக்கு வெளியே நீண்டிருந்தது. இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

முன்னால், ஹெட்லைட் வெளிச்சத்தின் ஓரத்தில், இரண்டு பேர். கரிந்த சட்டை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கரி. இருவரும் ஒரு கையை வளைத்து நீட்டியபடி. ஓடும் வண்டியிலிருந்து வளையம் வாங்குகிறவர்கள் நிற்கிற மாதிரி.

"வரதா, நிப்பாட்டும்."

"இந்த இருட்டிலயோ? பேசாம இருங்கோ. வீட்டை போயிடலாம்."

அவர் விரல்களை இறுக்கினார். இரஞ்சிதம் என்று நினைத்தார். அந்தக் கட்டிலை நினைத்தார். விரல்கள் கேட்கவில்லை, கொடுக்கத் தெரிந்த விரல்கள்.

கார் அவர்களைக் கடந்தது. தோள் லேசானது.

கை தானாக உள்ளே வந்தது. வரதராஜா கண்ணாடியை ஏற்றச் சொன்னார், ஏற்றினார். வென்ட்வேர்த்வில்லுக்குத் திரும்பும் ரோட்டில் கார் ஏறியதும் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார்.

பின்னால் ஆளில்லாத தார் ரோடு. அதன்மேல், வளைவில் வளைந்து, காருக்குப் பின்னாலேயே, இரண்டு கோடுகள் பளபளத்துக்கொண்டு வந்தன.