பாய்லர் ஷெட்டில் ஒரு வளையலோசை

மழை வரும் என்று தெரிந்திருந்தால் வீரராகவன் குடை எடுத்து வந்திருப்பான். குடை இருந்திருந்தால் கவரைப்பேட்டை ஸ்டேஷன் வாசலில் தலையைக் குனிந்துகொண்டு ஓடியிருக்க மாட்டான். ஓடாமல் இருந்திருந்தால்... சரி, அதெல்லாம் இப்போது எதற்கு? ஓடினான். எதிரே ஒருத்தி சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சோற்றுத் தூக்கை நெஞ்சோடு அணைத்தபடி ஓடி வந்தாள். இரண்டு பேரும் மோதிக்கொண்டார்கள்.

அவன் தோளிலிருந்த கோணி மூட்டை சேற்றில் விழுந்தது. உள்ளே இருந்தது பாடம் நடத்துவதற்காகக் குறுக்கே அறுத்த ஒரு பாய்லர் சேஃப்டி வால்வு. இரும்பு, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் கையிலிருந்த பச்சைக் கண்ணாடி வளையல்கள்... ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சாக்கு நழுவியதில் முகம் தெரிந்தது. இமையில் மழைத்துளி தொங்க, அந்தப் பெரிய கண்கள் அவனை நிமிர்ந்து பார்த்தன. கோபம் ஒரு முகத்துக்கு இவ்வளவு பொருத்தமாக இருக்குமா என்று அவன் யோசித்துக்கொண்டே நின்றான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் ஞாபகம் வந்தது.

"கண்ணாடி வளையல்தானே... அரை டஜன் வாங்கித் தந்துடறேன்."

"வாங்கித் தருவீங்க. அதுவரைக்கும் என் கை ஊமையாக் கெடக்குமே, அதுக்கு இன்னா பண்ணுவீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள். கை ஊமையாவதா? திருவள்ளூர் தேரடியில் வளையல் கடை வைத்திருப்பவரின் மகன் அவன். எத்தனையோ பெண்கள் வளையல் உடைந்ததற்கு அழுவதைப் பார்த்திருக்கிறான், திட்டுவதைப் பார்த்திருக்கிறான். இப்படி ஒரு புகாரைக் கேட்டதே இல்லை.

வளையல் வியாபாரம் பிடிக்காமல் இயந்திரத்தின் பக்கம் போனவன் வீரராகவன். பட்டணத்தில் பாய்லர் வேலை கற்று, இப்போது கற்றுக்கொடுக்கிறவனாகவும் ஆகிவிட்டான். அந்த ஐம்பத்தாறாம் வருஷத்தில் எங்கோ ஒரு நெல் அவிக்கும் பாய்லர் வெடித்த செய்தி வர, கவரைப்பேட்டை முதல் கும்மிடிப்பூண்டி வரையிலான அரிசி மில் முதலாளிகள் பயந்துபோனார்கள். தங்கள் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க அவனை வரவழைத்தார்கள். வாரக்கணக்கில் வகுப்பு, கடைசியில் பரீட்சை. இவர் பாய்லர் முன்னால் உட்காரலாம் என்று அவன் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வகுப்பு நடந்தது ஆதிநாராயணனின் மில்லில். அந்த மில் பாய்லரைப் பார்த்துக்கொண்டவர் தேசப்பன். பக்கத்துக் களத்தில் அவருடைய மகள் ரத்னா புழுங்கல் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். முதல் நாள் களத்தைத் தாண்டிப் போன வீரராகவன் அவளைப் பார்த்துத் திகைத்து நின்றான். அவளுக்கும் தூக்கிவாரிப்போட்டது. இந்த ஆளா வாத்தியார்? அவள் கையில் புதிதாக நீல வளையல்கள். அவன் வாங்கித் தருவதற்குள் அவளே வாங்கிவிட்டிருந்தாள். அதில் அவனுக்கு ஏனோ கொஞ்சம் வருத்தம்.

தேசப்பனைக் கண்டதும் வாத்தியாருக்கு மரியாதை வந்துவிட்டது. குழாயைத் திருகிச் சத்தத்தைக் கேட்டே உள்ளே தண்ணீர் எவ்வளவு என்று சொன்னார். உமி எரியும் வாசனையிலேயே அடுப்புக்குக் காற்று போதவில்லை என்றார். இப்படி ஒரு மனிதருக்கு நான் என்ன பாடம் எடுப்பது என்று வீரராகவன் எல்லார் முன்னாலும் சொல்ல, அவர் வெட்கப்பட்டுத் தலையைச் சொறிந்துகொண்டார்.

ரத்னா களத்திலிருந்தே பாடத்தைக் கேட்டாள். கேட்கக் கூடாது என்று யார் சொன்னது? நெல்லைக் கிளறும் கை தன்பாட்டுக்குக் கிளறும், காது மட்டும் பாய்லர் கொட்டகைப் பக்கம் போய்விடும். அவன் யாரையும் அதட்டவில்லை. அறுத்த வால்வைக் கையில் வைத்துக்கொண்டு, ஆவி எப்படி முட்டும், எப்படித் தூக்கும் என்று பொறுமையாகக் காட்டினான். பக்கத்து மில் யேசுதாஸ் ஒரே சந்தேகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் சலிக்காமல் சொன்னான். மனுஷன் மோதுறது மட்டும்தான் முரட்டுத்தனம் போல... என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள். ஆனால் அவன் தினமும் சொன்ன ஒரு வார்த்தையைக் கேட்டால் மட்டும் கிளறும் கை நின்றுவிடும்.

"முள்ளு எங்க நிக்குதுன்னு தெரியலன்னா வீம்பு புடிக்காதீங்க. நெருப்பை வாரி வெளிய இழுங்க, ஆவியைத் தொறந்து வுட்ருங்க. நெல்லு போனா போவட்டும்."

ஏனென்றால் அவள் நைனாவுக்கு, அப்பா தேசப்பனுக்கு, முள் தெரியாது. ரொம்ப நாளாகவே தெரியாது.

பாய்லரின் நெற்றியில் சுவர்க் கடிகாரம் அளவுக்கு ஒரு வட்டத் தகடு இருக்கும். ஆவியின் அழுத்தத்தை அதிலுள்ள முள் காட்டும். இந்த அளவுக்கு மேல் போகக் கூடாது என்பதற்கு ஒரு சிவப்புக் கோடு. தேசப்பனின் கண்ணில் புரை படர்ந்து, தகடு இருக்கும் இடமே புகையாகத்தான் தெரிந்தது. ஒருநாள் அவர் அண்ணாந்து பார்த்துத் தடுமாறி நின்றபோது கொட்டகை வாசலில் இருந்த ரத்னா, முள் இறங்குவதைப் பார்த்து, என்ன செய்வது என்று தெரியாமல் கையைக் குலுக்கினாள். அவர் சட்டென்று உமியைத் தள்ளினார். அன்றிலிருந்து அப்படியே பழகிவிட்டது. ஒரு குலுக்கல் என்றால் முள் இறங்குகிறது. இரண்டு என்றால் சரியாக நிற்கிறது. விடாமல் குலுக்கினால் முள் சிவப்புக் கோட்டுக்கு வந்துவிட்டது, ஆவியைத் திறக்க வேண்டும். வாயால் சொன்னால் ஆட்களை மேய்க்கும் மேஸ்திரி காதில் விழும், வேலை போய்விடும். அதனால் வளையல். இதைப் பற்றி அப்பாவும் மகளும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. அவர் கேட்கவில்லை, இவள் சொல்லவில்லை.

வேறு யாராக இருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். ஆனால் வளையல் சத்தத்துக்கு நடுவிலேயே வளர்ந்தவனை ஏமாற்ற முடியுமா? வேலை செய்யும்போது குலுங்கும் வளையல் ஒரு மாதிரி, வேண்டுமென்றே குலுக்கும் வளையல் வேறு மாதிரி. ஒருநாள் தேசப்பனிடம் அழுத்தம் எவ்வளவு என்று கேட்டான். அவர் தகட்டைப் பார்க்காமல் காதைச் சாய்த்தார். வாசல் பக்கம் வளையல் இரண்டு தரம் குலுங்கியது. "சரியாக் கீது தம்பி" என்றார். வீரராகவன் திரும்பிப் பார்த்தான். ரத்னா தலையைக் குனிந்துகொண்டாள். கை ஊமையாகிவிடும் என்று அவள் சொன்னது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. இந்தப் பெண் எத்தனை காலமாக ஒரு மில்லையே கையில் தாங்கிக்கொண்டிருக்கிறாள்!

பரீட்சைக்கு முந்தின நாள் மதியம் அவளிடம் பேசிவிடுவது என்று ரயில்வே கேட்டருகே காத்திருந்தான். அவள் வீடு தண்டவாளத்துக்கு அந்தப்புறம், அவனும் அந்தப் பக்கமே போய் நின்றான். சாப்பாடு எடுக்கப் போய் வருவாள். அதுவரை தேசப்பன் நெருப்பைத் தணித்து வைத்திருப்பார், மகள் வந்தபிறகுதான் ஏற்றுவார். அன்றும் தூறல். ரத்னா தூக்கோடு வர, கேட்டை மூடிவிட்டார்கள். ஒரு கூட்ஸ் வண்டி மெல்ல வந்து, குறுக்கே அப்படியே நின்றுவிட்டது.

அவன் சுற்றி வளைக்காமல் தனக்குத் தெரியும் என்று சொன்னான். அவள் முகம் வெளுத்தது.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. நைனா வேலை இல்லாம உசுரோட இருக்கமாட்டாரு."

"நான் சொல்ல மாட்டேன். ஆனா கையெழுத்தும் போட மாட்டேன். ஒருநாள் நீ வர முடியலன்னா இன்னா ஆவும், ரத்னா?"

முதல்முறையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். வேறொரு நேரமாக இருந்திருந்தால் அவளுக்குக் கன்னம் சிவந்திருக்கும். இப்போது கண்தான் சிவந்தது. கையெழுத்துப் போடாத கை எதுக்கு ஆறுதல் சொல்ல வருது என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மழை வலுத்தது. கூட்ஸ் வண்டி நகர்வதாகக் காணோம்.

அப்போதுதான் மில் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஆவி பீறிட்டு வரும் பேரிரைச்சல். மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

தூக்கை எறிந்துவிட்டு ரத்னா வண்டிக்கு அடியில் குனிந்தாள். வீரராகவன் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். அந்த நொடியே வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது. அவள் குனிந்த இடத்தில் சக்கரம் உருண்டது. நீல வளையல்கள் அவன் பிடியிலேயே நொறுங்கி, உள்ளங்கையில் ரத்தம் வந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. வண்டி முழுவதும் கடக்கும்வரை அவன் விடவில்லை, அவளும் கையை உருவிக்கொள்ளவில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தால் பாய்லர் பத்திரமாக இருந்தது. கொட்டகை முழுக்க வெள்ளை ஆவி. வாரி இழுத்த நெருப்பு தரையில் கிடந்து புகைந்தது. நடுவில் தேசப்பன் வியர்வையில் குளித்து நின்றார். எதிரே முதலாளி ஆதிநாராயணன், பாதி அவிந்து வீணான நெல்லைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி அவசரம்னு உமியைத் தள்ளிட்டாரு. ஆவி ஏறுற சத்தம் கேட்டுது, எவ்ளோன்னு தெரியல. எனக்குக் கண்ணு தெரியாதுங்க மொதலாளி. வாத்தியாரு சொல்லிக் குட்த்த மாதிரி செஞ்சிட்டேன்" என்றார் தேசப்பன்.

இத்தனை நாள் ஒளித்து வைத்ததை இத்தனை பேர் முன்னால் அவரே சொல்லிவிட்டார். ரத்னா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முதலாளி இன்றோடு கணக்கை முடித்துவிடலாம் என்று ஆரம்பிக்க, வீரராகவன் குறுக்கே வந்து நின்றான். நெல் போனது நிஜம்தான், ஆனால் இன்னும் கொஞ்ச நேரம் இவர் வீம்பாக இருந்திருந்தால் நெல்லோடு கொட்டகையும் போயிருக்கும், களத்தில் நிற்கும் பெண்களும் போயிருப்பார்கள் என்றான். பாடம் கேட்டவர்கள் நிறையப் பேர், தெரியாததைத் தெரியாது என்று சொல்லி நெருப்பை இழுத்தவர் இவர் ஒருவர்தான் என்றான். களத்துப் பெண்களும் வந்து அவர் பக்கம் நின்றுகொண்டார்கள். ஆதிநாராயணன் கெட்டவர் இல்லை, பயந்த மனிதர். பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரியில் புரையை எடுத்துவிட்டு வரட்டும், வேலை அப்படியே இருக்கும், அதுவரை யேசுதாஸ் பார்த்துக்கொள்ளட்டும் என்று இறங்கி வந்தார்.

ரத்னா மட்டும் வாத்தியாரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வகுப்பு முடிந்து அவன் ஊருக்குக் கிளம்பும்போது தூரத்திலிருந்து பார்த்தாள். அவன் கையிலிருந்த கட்டு அப்போதுதான் கண்ணில் பட்டது. அந்தக் காயம் யாருக்காக... கூப்பிட நினைத்தாள். கேட்டில் சொன்ன வார்த்தை நாக்கைக் கட்டிப்போட்டது. ரயில் போய்விட்டது. அன்று களத்தில் கிளறின நெல்லையே கிளறிக்கொண்டிருந்தாள்.

மாசி பிறந்தது. தேசப்பன் சோடாபுட்டிக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். முள்ளை அவரே படித்தார், ஒரு தடவைக்கு இரண்டு தடவை சத்தம் போட்டுப் படித்தார், ஊருக்கெல்லாம் கேட்க வேண்டும் என்பது போல. அவருக்குத் தனியாகப் பரீட்சை வைக்க வீரராகவன் வந்தான். எல்லாம் கேட்டு முடித்துச் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டான். தேசப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பி உமியைத் தள்ள ஆரம்பித்தார்.

வாசலில் ரத்னா நின்றிருந்தாள். கை மூளியாக இருந்தது.

"வளையல் போட்டுக்கலயா?"

"இனிமே எதுக்கு? நைனாவுக்குத்தான் முள்ளு தெரியுதே."

"வளையல்னா அடுத்தவங்களுக்கு வேலை செய்யத்தானா ரத்னா... உனக்குன்னு போட்டுக்கக் கூடாதா?"

பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். பச்சைக் கண்ணாடி வளையல்கள், தேரடிக் கடையில் அவனே பொறுக்கி எடுத்தவை. அளவு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள். கேட்டண்டை இந்தக் கையை ஒருதரம் பிடித்திருக்கிறேனே, வளையல்காரன் மகனுக்கு அது போதாதா என்றான். அவள் பார்வை அவன் உள்ளங்கைத் தழும்பில் போய் நின்றது. அன்று நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று முணுமுணுத்துவிட்டு, மெல்லக் கையை நீட்டினாள்.

சின்ன வயதில் கடையில் எத்தனையோ கைகளுக்கு வளையல் ஏற்றிவிட்டவன். இந்தக் கைக்கு மட்டும் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் ஏற்றினான். வெளியே, காலமில்லாத காலத்தில் ஒரு தூறல் ஆரம்பித்தது.

"உன்னைத் தவிர வேற யாரையும் நெனைக்க முடியல என்னால. அப்பாகிட்ட கேக்குறதுக்கு முன்னாடி உன்கிட்ட கேக்குறேன்." அவன் குரல் இறங்கியது. "இப்ப... முள்ளு எங்க நிக்குது?"

அவள் இமை தாழ்ந்தது. உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து மறைந்தது. கையை உயர்த்தினாள். ஒரு குலுக்கல்... இரண்டு... நிறுத்தவே இல்லை. பச்சை வளையல்கள் விடாமல் குலுங்கின.

உள்ளே தேசப்பன் பதறிப்போனார். பழக்கதோஷத்தில் கை ஆவித் திருகை எட்டிப் பிடித்துவிட்டது. அண்ணாந்து பார்த்தார். முள் சிவப்புக் கோட்டுக்கு வெகு கீழே, சாதுவாக நின்றிருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அதே இடம்தான். வளையல் மட்டும் இன்னும் ஓயவில்லை.

மெல்லத் திரும்பி வாசலைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திருகிலிருந்து கையை எடுத்தார். பிறகு அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தேவையே இல்லாமல், ரொம்பச் சத்தமாக உமியைத் தள்ள ஆரம்பித்தார்.