குணசீலன் அடித்த பேர்

கல்பனா சொன்ன வீட்டு வாசலில் குணசீலன் பைக்கை நிறுத்தியபோது நல்ல பகல். ஆனாலும் ஜமுனாமரத்தூரைத் தாண்டியதிலிருந்து மூடுபனி, ஹெட்லைட் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தான். ஒடுகத்தூரில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் மலையேறி வந்து வேலை பார்ப்பதெல்லாம் கிடையாது. இந்தப் பொண்ணுதான் போனில் விடாமல் கெஞ்சினாள். "கீழ எடுத்துக்கினு வர முடியலண்ணா. நீங்களே வாங்க."

வீட்டில் அவன் மனைவி ஆனந்திக்கு நிறைமாசம். காலையிலேயே இடுப்பு வலிக்குது என்றாள். பொழுது சாயறதுக்குள்ள வந்துருவேன் என்று அவள் தலையைத் தொட்டுச் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

உள்ளே ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. காயாத துணியின் வாடை. கல்பனா தலைகூட வாராமல் சுவரோரம் நின்றாள்.

"இன்னாமா பிரச்சினை?"

"டைப் பண்ணா கர்சர் குதிக்குதுண்ணா. ஒரு எடத்துல அடிச்சா வேற எடத்துக்குப் போய்டுது."

பூ, இதுக்கா இவ்வளவு தூரம் என்று இருந்தது அவனுக்கு. உள்ளங்கை டச்பேடில் பட்டால் கர்சர் குதிக்கத்தான் செய்யும். டச்பேடை ஆஃப் பண்ணிவிட்டு நாலு எழுத்து அடித்தான். குதித்தது. பேட்டரி உப்பி அடியிலிருந்து தள்ளுகிறதோ என்று பின்மூடியைக் கழற்றினான். பேட்டரி தட்டையாகத்தான் இருந்தது. வந்த எரிச்சலில் டச்பேடுக்குப் போகும் வயரையே பிடுங்கிவிட்டு ஆன் பண்ணினான். இனி அது வெறும் தகடு, அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

கர்சர் நகர்ந்தது.

மெதுவாக மேலே ஏறி, முதல் வரியில் போய் நின்று கண் சிமிட்டியது.

குனிந்து பார்த்தான். டச்பேடின் மேல் ஈரமாக ஒரு விரல் தடம். அவன் பார்க்கப் பார்க்க அது நகர்ந்தது.

"நீ தொட்டியாமா?"

கல்பனா இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். "ஏதாவது அடிங்கண்ணா," என்று கிசுகிசுத்தாள்.

எந்த லேப்டாப்பைப் பிரித்தாலும் கடைசியில் தன் பேரையும் ஊரையும் அடித்துப் பார்ப்பது அவன் வழக்கம். பயத்தில் புத்தி வேலை செய்யவில்லை, கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. குணசீலன், ஒடுகத்தூர்.

கர்சர் குதிக்கவில்லை. விரல் தடமும் காய்ந்துவிட்டது.

"அப்பாடா, நின்னுடுச்சும்மா," என்று திரும்பினான்.

கல்பனா தேம்பித் தேம்பி அழுதாள்.

"என்னை மன்னிச்சிடுங்கண்ணா. நானும் இங்க வந்து இப்பிடித்தான் என் பேரை அடிச்சேன். அதுலேர்ந்து இந்த வூட்ட விட்டுப் போவ முடியல. என் புள்ளைங்களப் பாக்கணும்ணா."

செருப்புகூடப் போடாமல் பனிக்குள் ஓடினாள்.

குணசீலன் சாமான்களை அப்படியே போட்டுவிட்டு பைக்கை எடுத்தான். வளைவு திரும்பினான், புளியமரங்களைக் கடந்தான். எதிரே அதே வீடு.

மறுபடி கிளம்பினான். மறுபடி அதே வீடு.

"அட கடவுளே, என்னை விட்டுடு," என்று கத்தினான். பைக்கை எறிந்துவிட்டு ரோட்டை விட்டு இறங்கி, முள் கிழிக்கக் கிழிக்க ஓடினான். மூச்சு வாங்க நின்ற இடம், அதே வாசல்.

வீட்டுக்குப் போன் போட்டான். நல்லவேளை, ரிங் போனது.

"ஆனந்தி, வழி தெரியாம மாட்டிக்கினேன். வலி எப்பிடி இருக்கு?"

அந்தப் பக்கம் ஆனந்தியின் குரல்தான்.

"யாருங்க பேசறது? அவரு போன் உங்ககிட்ட எப்பிடி வந்துச்சு?"

"நான்தான்டி, குணசீலன்!"

"வெளையாடாதீங்க. அவரு அப்பவே வந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிக்கினு இருக்கோம்."

"ஆனந்தி! அது நான் இல்ல! அதுகூடப் போவாத!"

போனுக்குப் பக்கத்தில் ஒரு ஆம்பளைக் குரல் கேட்டது.

அவனுடைய குரல்.

"எவனா இருந்தா இன்னா, வையி ஆனந்தி. கொழந்தைக்கு நேரமாச்சு."