சொல்லாமல் விட்ட குறை

ஓதம் ஏறிய சுவர் என்றால் தொட்டால் சில்லென்றுதானே இருக்க வேண்டும்? பின்னறைச் சுவரில் இருந்த ஈரத் திட்டு வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொட்டதுபோல இருக்கவே, அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

அப்பா விட்டுப்போன பழைய வீடு. அவர் இருந்தவரை அந்தச் சுவரை ஒட்டி ஒரு பெரிய பீரோ நின்றது. யாரையும் அதை நகர்த்த விட்டதில்லை. அவரும் போய், கணவனும் போய், அவளும் எட்டு வயது மகள் சிட்டுவும் மட்டும் மிஞ்சிய பிறகு, இவ்வளவு பெரிய வீடு எதற்கென்று விற்பதற்காக ஒழித்தபோதுதான் பீரோ நகர்ந்தது. பின்னால், உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் உயரத்துக்கு அந்தத் திட்டு. மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது. அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயும் கிடையாது.

மறுநாளிலிருந்து சிட்டு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் நேரே பின்னறைக்குப் போய்ச் சுவரில் காதை வைத்து உட்கார்ந்துகொண்டாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒரு வாய் சோறு இறங்குவதில்லை. கன்னம் ஒட்டிப்போய்க் கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அப்படி என்னதான் கேட்கிறது என்று அதட்டியதற்கு, மூச்சு விடுகிறது என்றாள், ஏதோ பூனைக்குட்டியைப் பற்றிச் சொல்வதுபோல. அம்மாவுக்கு விலை படிகிறதா இல்லையா என்ற கவலையெல்லாம் பறந்துபோய், பிள்ளையை முழுசாக இங்கிருந்து கூட்டிக்கொண்டு போனால் போதும் என்றாகிவிட்டது.

பழைய வீட்டை விற்பது என்ன லேசுப்பட்ட காரியமா? வரைபடம் கேட்டார்கள், வில்லங்கச் சான்று கேட்டார்கள், மின்சாரக் கம்பியைச் சோதித்த தாள் கேட்டார்கள். ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்று. கடைசியில் வந்து நின்றது குறை அறிக்கை. வீட்டில் தனக்குத் தெரிந்த குறைகளை விற்பவர் ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். ஆய்வாளர் நேரில் வந்து பார்த்த பிறகு அவர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். அவள் எழுதினாள். சமையலறை ஒழுகலை, ஜன்னல் சட்டத்துக் கரையானை, மாடிக் கதவு கிறீச்சிடுவதைக்கூட எழுதினாள். பின்னறைக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

தரகர் எட்டிப் பார்த்தார். ஓதம் என்று எழுதினால் சுவரை உடைத்துப் பார்க்கச் சொல்வார்கள், ஆறு மாதம் இழுக்கும் என்றார். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தையே பண்றோம். ஒரு பொய் சொல்லி வீட்டை விக்கக் கூடாதாம்மா?"

ஆறு மாதம். சிட்டு தாங்குவாளா?

அன்று மாலையே வெள்ளைப் பெயிண்டும் உருளையும் வாங்கி வந்து அவளே பூசினாள். முதல் பூச்சைச் சுவர் குடித்துவிட்டது. இரண்டாவதையும் குடித்தது. மூன்றாவதுதான் நின்றது. வாளியை எடுக்கத் திரும்பிய நேரத்தில் சிட்டு ஈரப் பெயிண்டில் உள்ளங்கையை வைத்து அழுத்திவிட்டாள். முன்பொருமுறை கதவில் நசுங்கிக் கோணிப்போன சுண்டுவிரல் உட்பட ஐந்து விரலும் அப்படியே பதிந்திருந்தது. அதன்மேலும் உருட்டினாள். மறைந்தது மாதிரிதான் இருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது.

ஆய்வாளர் வந்து ஈரம் பார்க்கும் கருவியைச் சுவரில் வைத்தார். முள் அசையவில்லை. ஆனால் மூக்கைச் சுளித்தார். புதுப் பெயிண்ட் வாடைக்கு அடியில், வெகுநாள் குளிக்காத தலைமுடியின் வாடை. வாசற்படியில் வீட்டை வாங்கப்போகிற பெண் நின்றிருந்தாள், நிறைமாதம். தொட்டிலை இந்த அறையிலேயே போட்டுவிடலாம் என்று தரகரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டதும் இவளுக்கு மனசு சொல்லிவிடு, சொல்லிவிடு என்று அடித்துக்கொண்டது. ஹாலில் சிட்டு சுவர்ப்பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேற ஏதாவது இருக்காம்மா? இப்பவே சொல்லிடுங்க," என்றார் ஆய்வாளர்.

"இல்லீங்க."

"சொல்லாம விட்ட குறை எதுவா இருந்தாலும் அது உங்களைத்தான் சேரும். வாங்கினவங்களுக்குப் போகாது. புரிஞ்சுதா?"

தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். முதுகுக்குப் பின்னால் யாரோ நெடுநேரம் அடக்கிய மூச்சை விட்டதுபோல் இருந்தது. கால் கடுத்துப்போன அந்தப் பெண்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

புது வீடு ஆறாவது மாடியில். யாரும் குடியிருக்காத சுவர்கள், நாலு பக்கமும் வெயில். சிட்டு பசிக்கிறது என்று தானே கேட்டுச் சாப்பிட்டாள். கன்னம் கொஞ்சம் தேறியது. அவள் சிரிப்பதைக் கேட்டு இவள் சமையலறையில் நின்று அழுதாள். ஆனாலும் அந்தத் தொட்டில் மட்டும் நினைப்பை விட்டுப் போகவில்லை. தன் பிள்ளையைக் காப்பாற்ற ஊரான் பிள்ளையைப் பலி கொடுத்தேனே பாவி என்று உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு சாயங்காலம் அந்தப் பெண்ணே போனில் கூப்பிட்டாள். அங்கே ஒரே சந்தோஷம். ஆண் குழந்தையாம். பின்னறையில்தான் தொட்டிலாம்.

"அந்த ரூம்ல போட்டா அசந்து தூங்குறான்க்கா. சுவரெல்லாம் நல்லா சில்லுனு இருக்கு."

சில்லென்று இருக்கிறது. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. வாயார வாழ்த்திவிட்டுப் போனை வைத்தாள். எல்லாம் தன் மனப்பிரமை என்று சிரிப்புக்கூட வந்தது. இனிப்பாக ஏதாவது செய்து கொடுக்கலாமென்று மகளைக் கூப்பிட்டாள்.

ஹாலுக்கு வந்து பார்த்தாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாளே? செருப்பு வாசலில் கிடந்தது. பையைக் காணோம். வழக்கமாக அதை நாற்காலியில்தான் எறிவாள்.

"சிட்டு?"

வாடை வந்தது. குளிக்காத தலைமுடி.

அறைக்குப் போகும் நடைவழி. பாதி திறந்த கதவு. முதுகில் பையோடு கட்டிலில் சிட்டு. காது சுவரில். அந்தச் சுவருக்கு அப்பால் அறை கிடையாது. ஆறு மாடி உயரத்துக்கு வெறும் காற்று.

சுவரில் ஈரத் திட்டு. அதன் நடுவே வெள்ளைப் பெயிண்டில் ஓர் உள்ளங்கைத் தடம். சுண்டுவிரல் கோணல்.

சிட்டு அந்தத் தடத்தில் தன் கையைச் சரியாகப் பொருத்தி வைத்திருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"சத்தம் போடாதம்மா. ரொம்ப தூரம் நடந்து வந்திருக்கு. இப்பதான் தூங்குது."

அவள் விரல்களின் இடுக்குகளில் சுவர் மெல்ல உப்பியது. ஒன்று. இன்னொன்று. வெள்ளை வெளேரென்று நீளமாக விரல்கள் வெளியே வந்து, அந்தச் சின்னக் கையைக் கோத்துப் பிடித்துக்கொண்டன.